வெல்டிங் புகைக்கு எதில் பணம் போடுவது: மாஸ்க்கா, ஃபேனா, சக்ஷன் பைப்பா?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையிலும், கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலையிலும், ஓசூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் சந்துகளிலும் ஷட்டர் போட்ட சின்ன வெல்டிங் பட்டறைகள் ஏராளம். இரண்டு மிஷின், ஒரு கட்டிங் வீல், ஒரு கம்ப்ரஸர், மூன்று பேர். அப்படி ஒரு பட்டறை வைத்திருப்பவர், "கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கு, இந்தப் புகைக்கு ஏதாவது செய்யணும், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மாஸ்க் பெட்டியை நீட்டுவார். எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம் என்பார். வீட்டில் பெரியவர்கள் தினமும் ஒரு டம்ளர் பால் குடிக்கச் சொல்வார்கள். எதற்கு எவ்வளவு பலன் என்பதை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகை முகத்துக்கு வந்தபிறகு தடுப்பதைவிட, மின்பொறி எரியும் இடமான ஆர்க் பக்கத்திலேயே சக்ஷன் பைப்பால் அதைப் பிடித்துவிடுவதுதான் மேல். மாஸ்க் இரண்டாவது. சுவர் ஃபேன் மூன்றாவது. பால் இந்தக் கணக்கிலேயே வராது.

ஏன் இவ்வளவு கவலை? உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-ல் வெல்டிங் புகையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற அளவில்தான் வைத்திருந்தது. 2017-ல் அதை முதல் பிரிவுக்கு மாற்றியது. அதாவது, மனிதர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று போதிய சான்றோடு உறுதி செய்யப்பட்ட பொருள்களின் வரிசை. சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருப்பது அதே வரிசையில்தான். "எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வெல்டிங்தான் ஆபத்து, சாதாரண இரும்புக்கு ஒன்றும் ஆகாது" என்ற பேச்சும் அத்தோடு முடிந்துபோனது. 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, சாதாரண மைல்ட் ஸ்டீல் வெல்டிங் ஆனாலும் கட்டடத்துக்குள் செய்தால் புகையை உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும், கதவு ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்று அறிவித்தது.

புற்றுநோய் வர வருடங்கள் ஆகும். அதற்கு முன்பே தெரிகிற தொல்லைகளும் இருக்கின்றன. ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கம் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் பாலிஹவுஸ் போடுகிறார்கள் இல்லையா, அதற்கெல்லாம் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்தான். அந்தத் துத்தநாகப் பூச்சோடு சேர்த்து வெல்டிங் வைத்தால் வெள்ளையாக ஒரு புகை எழும்பும். அதை இழுத்தவருக்குச் சாயங்காலமோ ராத்திரியோ குளிர் தூக்கிப்போடும், காய்ச்சல் அடிக்கும், உடம்பெல்லாம் வலிக்கும், வாயில் இரும்பை நக்கியது மாதிரி ஒரு ருசி இருக்கும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். டாக்டரிடம் போனால் வைரல் காய்ச்சல் என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு, ஏனென்றால் என்ன வேலை செய்தோம் என்று நாம் சொல்வதில்லை. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் இது அதிகமாக வரும். தொடர்ந்து புகையில் இருக்கும்போது உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்கிறது, ஒருநாள் இடைவெளி விட்டதும் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. பழகிக்கொண்டதால் பாதிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை.

வெல்டிங் ராடிலும் (உருகி ஒட்டும் கம்பி) இரும்பிலும் மாங்கனீசு இருக்கிறது. வருடக்கணக்கில் அதிகமாக மூச்சில் போனால் அது மூளையைத் தொடும். நடை தளர்வது, கை நடுங்குவது, முகத்தில் உணர்ச்சி குறைவது என்று பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகள் வரும். புகையில் வேலை செய்கிறவர்களுக்கு நிமோனியாவும் எளிதில் பிடிக்கும். பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

காசு செலவில்லாத முதல் வழி

எதையும் வாங்குவதற்கு முன் வேலை செய்யும் நிலையைப் பாருங்கள். நம் ஊரில் கேட்டைத் தரையில் படுக்கப்போட்டு, பக்கத்தில் குந்த வைத்து, ஒரு கையில் ஷீல்டு, ஒரு கையில் ஹோல்டர் பிடித்து, குனிந்துதான் வெல்டிங் வைக்கிறோம். ஆர்க்கின் சூட்டில் புகை நேராக மேலே எழும்பும். அதற்கு நேர் மேலே நம் மூக்கு. ஷீல்டுக்கும் முகத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் புகை நுழைந்து தங்கிவிடுகிறது. வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவது அதுதான்.

கையில் இருக்கும் ஆங்கிளையும் ஸ்கொயர் பைப்பையும் வைத்தே இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்டாண்டு செய்துகொள்ளலாம். ஜாபை, அதாவது வெல்டிங் வைக்கிற பொருளை, அதன்மேல் தூக்கி வைத்து, நின்றுகொண்டோ ஸ்டூலில் உட்கார்ந்தோ, தலையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் புகை முகத்துக்கு முன்னால் மேலே போய்விடும். மூச்சில் போகும் அளவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும். முதுகுவலியும் குறையும். பட்டறைக்காரர் ஒருவர் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வார் என்றால் இதைச் செய்யட்டும் என்று ஆசைப்படுகிறேன். ஜாபைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்காருகிற ஹெல்பர் பையன் எங்கே இருக்கிறான் என்றும் பாருங்கள். புகை வெல்டர் முகத்திலிருந்து விலகி அவன் முகத்துக்குப் போகக் கூடாது. கையால் பிடிப்பதற்குப் பதில் ஒரு கிளாம்ப் போட்டால் அவனைத் தள்ளி நிற்க வைக்கலாம்.

ஜிஐ பைப்பாக இருந்தால், ஜாயிண்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டிங் வையுங்கள். பெயிண்ட் அடித்த பழைய இரும்புக்கும் இதே முறைதான். தேய்க்கும்போது கிளம்புகிற தூசிக்கு மாஸ்க் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க குளோரின் கலந்த சால்வெண்ட் எதையும் பயன்படுத்தாதீர்கள். ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டு அதிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

சுவர் ஃபேன்

பலரும் முதலில் போவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. ஒரு வெல்டருக்கு 10,000 கன அடிக்குக் குறைவான இடம் இருந்தாலோ, கூரை 16 அடிக்குக் கீழே இருந்தாலோ, இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம். ஒரு வெல்டருக்கு நிமிடத்துக்கு 2,000 கன அடி காற்று மாற வேண்டும். நம் ஷட்டர் கடை 10 அடி அகலம், 20 அடி நீளம், 12 அடி உயரம் என்றால் மொத்தமே 2,400 கன அடி. அதில் இரண்டு பேர் வெல்டிங் வைக்கிறார்கள்.

கடையில் ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். ஒரு வெல்டருக்கு 2,000 கன அடி என்பது அந்தக் கணக்கில் மணிக்குச் சுமார் 3,400 கன மீட்டர். பாத்ரூமுக்கு மாட்டுகிற சின்ன ஃபேனை வாங்கி வந்தால் அது இதற்குப் பக்கத்திலேயே வராது.

அளவு சரியாக இருந்தாலும் இடம் தவறினால் பலன் தலைகீழாகிவிடும். ஃபேனுக்கும் ஆர்க்குக்கும் நடுவில் வெல்டர் உட்கார்ந்தால், புகை அவர் முகத்தைத் தாண்டித்தான் வெளியே போகும். முதுகுப் பக்கமிருந்து காற்று அடித்தாலும் நல்லதில்லை. உடம்பு காற்றை மறைப்பதால் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி, புகை அதில் மாட்டிக்கொண்டு முகத்துக்கே ஏறும். காற்று ஒரு பக்கவாட்டிலிருந்து வந்து மறு பக்கம் போக வேண்டும். ஒரு ஊதுபத்தியை ஏற்றி ஜாப் இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெடஸ்டல் ஃபேனை வேகமாக வைத்து ஊதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. சிஓ2 வெல்டிங், ஆர்கான் வெல்டிங் இரண்டிலும் அந்தக் காற்று, உருகிய இரும்பை மூடிக் காக்கும் வாயுவைக் கலைத்துவிடும், தையலில் (ஒட்டிய இடத்தில்) ஓட்டை ஓட்டையாக விழும். ராடு வெல்டிங் ஓரளவு தாங்கும்.

கடை வாசலில், சாலையோரத்தில் வைத்து வேலை செய்வது உள்ளே செய்வதைவிட நல்லதுதான். ஆனால் வெளியில் இருந்தாலும் புகைக்கு நேர் மேலே குனிந்தால் மூக்குக்குப் போவது போகத்தான் செய்யும்.

மொத்தத்தில், சுவர் ஃபேன் கடையில் தேங்கும் புகையைக் குறைக்கும். பக்கத்து மூலையில் கட்டிங் செய்கிறவருக்கும், பில் போட உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லது. வெல்டரின் மூக்குக்கு முன்னால் இருக்கும் புகைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

சக்ஷன் பைப்

ஆர்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் வாயை வைத்து, ப்ளோயரால் புகையை உறிஞ்சி வெளியே விடும் ஏற்பாடு இது. பெரிய கம்பெனிகளில் இதையே ஃபில்ட்டரோடு, நீளமான கை வைத்த ஃப்யூம் எக்ஸ்ட்ராக்டராகப் பார்த்திருப்பீர்கள். அது பல பத்தாயிரம் ரூபாய், சின்னப் பட்டறைக்கு எட்டாது. ஆனால் அதன் அடிப்படை எளிது, நாமே செய்துகொள்ள முடியும். ஒரு சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர், நாலைந்து அங்குல ஃப்ளெக்ஸிபிள் பைப், குழாயைப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு. வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஸ்டாண்டு செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் எல்லாமே தூரத்தைப் பொறுத்தது. மெழுகுவத்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம், அதே தூரத்தில் நின்று உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் காற்றின் வேகம் குழாய் வாயிலிருந்து தள்ளிப்போகப் போகச் சடாரென்று விழுந்துவிடும். அமெரிக்க விதியிலேயே இதற்கு அட்டவணை உண்டு. குழாய் வாய் ஆர்க்கிலிருந்து 4 முதல் 6 அங்குலத்தில் இருந்தால் நிமிடத்துக்கு 150 கன அடி காற்று போதும். 10 முதல் 12 அங்குலத்துக்குத் தள்ளிவிட்டால் 600 கன அடி வேண்டும். தூரம் இரண்டு மடங்கு, காற்று நாலு மடங்கு. மேலே சொன்ன 2,000 கன அடியோடு இந்த 150-ஐ வைத்துப் பாருங்கள். சின்ன மோட்டார், குறைந்த கரண்ட் செலவு, புகையோ முகத்துக்கு ஏறுவதற்கு முன்பே பிடிபடுகிறது. ஆர்க் இருக்கும் இடத்தில் நிமிடத்துக்கு 100 அடி வேகம்தான் கணக்கு, அதனால் சிஓ2 வாயுவும் கலையாது.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 14-ஆம் பிரிவும் இதைத்தான் சொன்னது: உறிஞ்சும் சாதனத்தைத் தூசியோ புகையோ கிளம்பும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் வைக்க வேண்டும். சின்னப் பட்டறைகள் அந்தச் சட்டத்துக்குள் பெரும்பாலும் வரவில்லை. புகைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

குறையும் உண்டு. குழாயை ஒவ்வொரு தையலுக்கும் நகர்த்த வேண்டும். பெரிய கேட், ட்ரஸ் மாதிரி வேலைகளில் இது சலிப்பு தரும். இரண்டாம் நாளே குழாய் மூலைக்குப் போய்விடும் என்பதுதான் நிஜமான ஆபத்து. ஸ்டாண்டுக்குக் கீழே சக்கரம் வைத்து, வாய்ப்பகுதியில் ஒரு காந்தம் ஒட்டினால் ஜாபிலேயே பிடித்துக்கொள்ளும். தீப்பொறி குழாய்க்குள் போகும் என்பதால் துணி, பிளாஸ்டிக் பைப் வேண்டாம், சூடு தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளியே விடும் முனையைக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். பக்கத்து டீக்கடைக்குள் புகையைத் தள்ளுவது தீர்வு ஆகாது.

கர்ச்சீப் முதல் பேட்டரி ஹெல்மெட் வரை

வெல்டிங் புகையில் இருக்கும் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சின்னவை. கர்ச்சீப்போ துண்டோ கட்டினால் மரத்தூள் நிற்கும், இது நிற்காது. நனைத்துக் கட்டினாலும் அதே கதைதான். கொரோனா காலத்து நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் பக்கவாட்டில் திறந்தே இருக்கிறது, அதோடு பொறி பட்டால் ஓட்டையாகிவிடும்.

என்95, எஃப்எஃப்பி2 என்று அச்சிட்ட மாஸ்க் உண்மையானதாக இருந்தால் பயன் உண்டு. என்95 என்றால் சோதனையில் நுண்துகள்களில் 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று பொருள். எஃப்எஃப்பி2-க்கு இது 94 சதவீதம், இந்தியத் தர எண் ஐஎஸ் 9473. வால்வு வைத்தது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை போடும் வகை முகத்தில் நன்றாக உட்காரும். ஆனால் ஒருநாள் முழுக்க வெல்டிங் வைத்தால் சாயங்காலம் அது கறுத்து, வியர்வையில் நைந்து போயிருக்கும். ஒன்று அறுபது ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 25 நாளைக்கு ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய். அதனால்தான் பலர் ஒரே மாஸ்க்கை வாரம் முழுக்க மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

இதோடு ஒப்பிட்டால் ரப்பர் அல்லது சிலிக்கான் ஹாஃப் மாஸ்க் மேல். இரண்டு பக்கமும் ஃபில்ட்டர் மாட்டும் வகை, விலை கடைக்குக் கடை மாறினாலும் ஓரிரு ஆயிரத்தில் கிடைக்கும். முகப்பகுதி வருடக்கணக்கில் வரும், கழுவிக்கொள்ளலாம். ஃபில்ட்டரை மட்டும் மாற்றினால் போதும். பி100 வகை ஃபில்ட்டர் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வட்டமாக, தட்டையாக இருக்கும் ஃபில்ட்டரைக் கேளுங்கள், அதுதான் ஹெல்மெட்டுக்குள் இடிக்காது. மூச்சு இழுக்கக் கஷ்டமானால் ஃபில்ட்டரை மாற்ற வேண்டும். கம்ப்ரஸர் காற்று வைத்து ஊதி "சுத்தம்" செய்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படி ஊதினால் உள்ளே இருக்கும் இழை கிழிந்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் அட்டை.

மாட்டியதும் இரண்டு ஃபில்ட்டரையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்ளே அமுங்க வேண்டும். எங்காவது காற்று சில்லென்று நுழைந்தால் பட்டையை இறுக்குங்கள். தாடி இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ரெண்டு நாள் முள்தாடியே போதும் இடைவெளி விட. மாலை போட்டிருக்கும் நாள்களில் தாடி எடுக்க முடியாதவர்கள் உண்டு. அந்த நாள்களில் சக்ஷன் பைப்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஏப்ரல், மே மாத தருமபுரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ரப்பர் மாஸ்க் போட்டுக்கொண்டு எட்டு மணிநேரம் இருக்கச் சொல்வது எளிது, இருப்பது கஷ்டம். மாஸ்க்கை மட்டுமே நம்பும் திட்டம் தோற்பது இங்கேதான். புகையை முதலில் உறிஞ்சிவிட்டால், மாஸ்க்கை ஆர்க் பிடிக்கும் நேரத்தில் மட்டும் போட்டு மற்ற நேரம் கழற்றலாம்.

பேட்டரியில் ஓடும் ப்ளோயர் இடுப்பில் கட்டி, ஃபில்ட்டர் செய்த காற்றை ஹெல்மெட்டுக்குள் அனுப்பும் வகை எல்லாவற்றிலும் சுகமானது. காற்று முகத்தில் வீசிக்கொண்டே இருக்கும், தாடியும் பிரச்சினை இல்லை. விலைதான் லட்சத்தை ஒட்டி நிற்கிறது. தினமும் எஸ்எஸ் வேலை எடுக்கிற கம்பெனி தன் வெல்டர்களுக்கு இதை வாங்கித் தர வேண்டும் என்றே நான் சொல்வேன்.

எந்த ஃபில்ட்டர் மாஸ்க்கும் துகளைத்தான் பிடிக்கும். ஓசோன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் அதைத் தாண்டி வந்துவிடும்.

புகைக்கு நல்லது என்று சொல்லும் வெல்லம், வாழைப்பழம், பால் பற்றியும் சொல்ல வேண்டும். பால் நல்ல உணவு, குடியுங்கள். அது இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று முதலாளி மாஸ்க் வாங்காமல் இருப்பதுதான் இதில் கெடுதல்.

எஸ்எஸ் வேலை என்றால் கணக்கு மாறும்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைய. சீசன் தொடங்குவதற்கு முன் டேங்க், பைப் லைன் எல்லாவற்றையும் பழுது பார்ப்பார்கள், எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன. வெல்டிங் சூட்டில் குரோமியத்தின் ஒரு பகுதி குரோமியம்-6 என்ற வகையாக மாறுகிறது. இதுவும் நிக்கல் சேர்மங்களும் தனித்தனியாகவே புற்றுநோய் உண்டாக்குபவை. அமெரிக்காவில் குரோமியம்-6-க்கு அனுமதித்திருக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம்தான்.

இங்கே வெல்டிங் முறையைத் தேர்ந்தெடுப்பதே ஒரு பாதுகாப்பு. எஸ்எஸ் ராடு வைத்து ஆர்க் வெல்டிங் செய்தால் குரோமியம்-6 அதிகம் வரும், ஆர்கான் வெல்டிங்கில் புகையே மிகக் குறைவு. ஆர்கானில் ஓசோன் வரும் என்பது உண்மை, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் ஆர்கான்தான். "சின்ன ஒட்டுதானே, ராடு வைத்து முடித்துவிடலாம்" என்று டேங்க்குக்குள் இறங்குவதைத் தவிருங்கள்.

டேங்க்குக்குள் என்று வந்துவிட்டால் இதுவரை ஒப்பிட்ட எதுவுமே தனியாகப் போதாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வாசனை கிடையாது, மூச்சுத் திணறல் தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். மாஸ்க் காற்றை வடிகட்டும், ஆக்சிஜனை உண்டாக்காது. வெளியிலிருந்து ப்ளோயர் வைத்து நல்ல காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜன் மீட்டர் வேண்டும், மேன்ஹோல் வாயிலில் ஒருவர் கண் எடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் வெளியில் நிற்பவர் அப்படியே குதிக்கக் கூடாது. காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவதும் கூடவே கூடாது, சட்டையில் ஒரு பொறி பட்டால் ஆளே பற்றிக்கொள்வார்.

அந்தப் பத்தாயிரம்

கேட், கிரில் பட்டறைக்கு என் கணக்கு இது. ஸ்டாண்டு சொந்த இரும்பில், செலவு இல்லை. இரண்டு வெல்டருக்கும் இரண்டு ஹாஃப் மாஸ்க், ஒரு ஜோடி மாற்று ஃபில்ட்டர்களோடு. ஹெல்பருக்கு எஃப்எஃப்பி2. மீதிப் பணத்தில் ஒரு மிஷினுக்கு மட்டும் ப்ளோயரும் குழாயும், இன்னொன்றுக்கு அடுத்த மாதம். சுவர் ஃபேன் ஏற்கெனவே இருந்தால் இடத்தை மட்டும் ஊதுபத்தி வைத்துச் சரிபாருங்கள், புதிதாக வாங்குவதை ஒத்திப்போடலாம்.

கூலிக்குப் போகிற வெல்டருக்கு விடை வேறு. இன்று ஓசூர், நாளை பர்கூர் என்று இடம் மாறுகிறவரால் குழாயையும் ப்ளோயரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவருக்கு ஹாஃப் மாஸ்க்தான், அதுவும் சொந்தமாக, பையில் மூடி போட்ட டப்பாவில். பட்டறைக்குப் பட்டறை பொதுவாகத் தொங்கும் மாஸ்க்கை வாங்கி மாட்ட வேண்டாம். காண்ட்ராக்டர் வாங்கித் தர வேண்டிய பொருள்தான் அது, கேட்டு வாங்கினால் நல்லது. தராவிட்டால் காத்திருக்காமல் வாங்கிவிடுங்கள்.

இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் டிஸ்பென்சரியிலும், இல்லாதவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், இருமலுக்கோ காய்ச்சலுக்கோ போகும்போது முதல் வரியிலேயே "வெல்டிங் வேலை, இத்தனை வருஷமா" என்று சொல்லுங்கள். ஜிஐ வேலை செய்த நாளா, எஸ்எஸ் செய்த நாளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை ஒருமுறை எடுத்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், இரண்டு மூன்று வருடம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட டாக்டருக்கு அது உதவும்.